இசைத்தட்டிற் கேட்ட நகைச்சுவை நாடகம்

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை வேண்டியபோது, கல்லூரியின் பழம்பெருமை பற்றியோ, நமக்கு அறிவூட்டிய ஆசிரியப் பெருமக்கள் பற்றியோ எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பர். அவற்றை என்னிலும் திறம்பட எழுத வல்லார் பலர் இம்மலரில் எழுதியிருப்பர் என்பது திண்ணம். ஆகவே, அறுபது ஆண்டுகளுக்கு மேலாக என் செவியை விட்டு நீங்காத ஓர் இசைத்தட்டைப் பற்றி எழுதத் துணிந்தேன். ஆங்கில நாடகமொன்றின் இசைத்தட்டுக்கும் இந்துக் கல்லூரி மலருக்கும் என்ன இயைபு என வினவுவோர் சிறிது பொறுத்தருள்க. நான் அதனை முதன்முதற் கேட்டது மாணவனாக இருந்த காலத்திலே, 1963 ஆம் ஆண்டில், ஆங்கிலங் கற்பித்த ஆசிரியர் ஒருவரின் வீட்டு விறாந்தையிலே. பல்கலைக்கழகப் புகுமுக வகுப்பு மாணவர் நால்வர் பாயில் அமர்ந்திருந்தோம். ஆசிரியர் ரேடியோகிராமின் மூடியைத் திறந்து, தட்டை விளிம்பிற் பிடித்து, சட்டையின் நுனியால் தூசி துடைத்து வைத்த அந்தப் பக்குவம் இன்றும் கண்முன் நிற்கிறது.

அது 'மை ஃபெயர் லேடி' என்னும் நகைச்சுவை இசைநாடகத்தின் தட்டு. அலன் ஜே லேர்னர் உரையாடலும் பாட்டும் எழுத, பிரெடெறிக் லோ இசையமைக்க, 1956 மார்ச் 15 ஆந் திகதி நியூயோர்க்கின் மார்க் ஹெலிங்கர் அரங்கிலே மேடையேறிய அந்நாடகம் அந்நகரில் 2,717 முறை ஆடப்பட்டது. அரங்கேறிய பத்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, நடிகரும் வாத்தியக்காரரும் முப்பதாந் தெருவிலிருந்த கொலம்பியா நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்திற் கூடினர். முன்னொரு காலத்தில் தேவாலயமாக இருந்த கட்டடம் அது. அங்கே கொடார்ட் லீபர்சன் என்பாரின் மேற்பார்வையில் தட்டுப் பதிவாயிற்று. இதிற் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. கொலம்பியாவின் தாய் நிறுவனமாகிய சி.பி.எஸ். ஒலிபரப்பு நிறுவனமே நாடகத்துக்கு வேண்டிய முதல் முழுவதையும், ஏறத்தாழ 4 இலட்சம் டொலரை, இட்டிருந்தது. எனவே இத்தட்டு நாடகம் வெற்றி பெற்றபின் எவரோ நினைத்துச் செய்த நினைவுப்பொருளன்று. தொடக்கத்திலிருந்தே நாடகத்தோடு உடன்பிறந்தது.

கதை பலரும் அறிந்ததே. அறியாத இளைஞர் பொருட்டுச் சுருக்கமாகச் சொல்லுகின்றேன். லண்டன் நகரத் தெருவிற் பூ விற்கும் எலைசா டூலிற்றில் என்னும் ஏழைப் பெண்ணுக்குக் கொக்னி என்னும் கடைத்தெருப் பேச்சன்றி வேறு பேச்சு வாராது. ஒலியியல் வல்லுநராகிய ஹிக்கின்ஸ், தம் நண்பர் கேணல் பிக்கரிங்குடன் பந்தயம் பிடித்து, ஆறு மாதத்தில் இவளைச் சீமாட்டியென ஊரார் நம்பும்படி பேசவைப்பேன் என்கிறார். அவ்வாறே பேசவைத்து, தூதரக நடன விருந்திற் பெரியோர் அனைவரையும் ஏமாற்றியும் விடுகிறார். பந்தயம் முடிந்தபின் அவள் கதி யாது என்பதை மாத்திரம் அவர் நினைத்துப் பார்த்ததில்லை.

இக்கதைக்கு மூலம் பேர்னாட் ஷா எழுதிய 'பிக்மேலியன்'. 1913 ஆம் ஆண்டில் வியன்னாவிலும் அடுத்த ஆண்டில் லண்டனிலும் ஆடப்பட்ட நாடகம் அது. தம் நாடகமொன்றைத் தழுவி 1908 இல் எழுந்த 'சொக்கிலேற் சோல்ஜர்' என்னும் இசைநாடகத்தின்மேற் கொண்ட கசப்பினால், தம் வாழ்நாளில் வேறெந்த நாடகத்தையும் பாட்டாக்க ஷா இசைந்தாரில்லை. 1950 இல் அவர் மறைந்த பின்னரே 'பிக்மேலியன்' பாட்டுருப் பெற்றது. கிழவர் உயிரோடிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ! ஆயினும் அவர் கைக்கெட்டாத ஒன்றை அந்த இசைத்தட்டுச் சாதித்தது என்பேன். அச்சிட்ட 'பிக்மேலியன்' நூலை எடுத்துப் பாருங்கள். எலைசாவின் கொக்னிப் பேச்சை எழுத்துக் கூட்டிக் காட்டத் தொடங்கிய ஷா, சில வரிகளுக்குள்ளேயே தோல்வியை ஒப்புக்கொண்டு, ஒலிக்குறி எழுத்தின்றி இப்பேச்சை எழுதினால் லண்டனுக்கு வெளியே ஒருவருக்கும் விளங்காது என்று குறிப்பெழுதிக் கைவிட்டுவிடுகிறார். ஆங்கில நெடுங்கணக்கையே மாற்றவேண்டுமென்று மரணசாசனத்திற் பணம் ஒதுக்கிய மனிதருக்கே இந்த நிலை. நம்மிடையே பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை அவர்கள் 1940 இல் வெளியிட்ட 'நானாடக'த்தில் யாழ்ப்பாணத்துப் பேச்சுமொழியை அச்சிலேற்றியபோது, நம் எழுத்து ஓரளவு கைகொடுத்தது. எனினும் அதனையும் வாய்விட்டுப் படிப்பவர் யாழ்ப்பாணத்தவராக இருந்தாலன்றோ அதன் சுவை முழுமையாகும்?

இசைத்தட்டுக்கு இந்த இடர் இல்லை. ஊசி தட்டிற் பட்டவுடன் எலைசாவின் குரல் தானே வந்து நிற்கிறது. அப்பாத்திரத்தை ஏற்ற ஜூலி அன்றூஸ் அம்மையாருக்கு அப்பொழுது வயது இருபது. சூடான அறையும், சாய்ந்திருக்க ஒரு நாற்காலியும், தின்னச் சொக்கிலேற்றும் கிடைத்தாற் போதுமென்று அவள் பாடும் முதற்பாட்டிலே உயிரெழுத்துக்கள் கோணிக்கிடப்பதையும், 'ஹ' என்னும் ஒலி வரவேண்டிய இடத்தில் வாராதொழிவதையும் கேளுங்கள். பின்பு ஸ்பெயின் நாட்டு மழையைப் பற்றிய பாட்டு. நடுநிசி தாண்டி மூவரும் சோர்ந்து கிடக்கையில், அவள் ஒவ்வொரு சொல்லாக, கண்ணாடிப் பாத்திரத்தைத் தூக்குவதுபோல, மெதுவாக உச்சரிக்கிறாள். சரியாக வந்துவிடுகிறது! ஆசிரியர் நம்பமாட்டாமல் மீண்டும் கேட்கிறார். அவள் மீண்டும் சொல்லுகிறாள். அதன்பின் வாத்தியங்கள் பொங்கி எழ, மூவரும் ஆடிப்பாடுகின்றனர். ஒரு மாணவிக்குப் பாடம் பிடிபட்ட கணத்தை இதைக்காட்டிலும் துல்லியமாகக் காட்டிய கலைப்படைப்பை நான் அறியேன். பின்னாளில் முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற எனக்கு அக்கணம் வாய்த்த நாட்கள் சிலவே. ஒவ்வொரு முறையும் அந்த வாத்திய இசை என் காதில் ஒலித்தது.

நாடகத்தைப் பாராமல் தட்டைக் கேட்பது, விருந்துக்குப் போகாமல் வாசனையை நுகர்வது போலாகும் என்று கூறுவோர் உளர். நான் அதற்கு உடன்படேன். இந்நாடகத்தின் பொருளே குரல். ஒருவர் வாய் திறந்தவுடன் அவரை எந்தத் தட்டில் வைப்பது என்று உலகம் தீர்மானித்துவிடுகிறதே, அதுவே இதன் நகை, அதுவே இதன் வேதனை. கண்ணை மூடிக்கொண்டு கேட்பவனுக்கு அது வேறெதுவும் கலவாமற் கிடைக்கிறது. ஹிக்கின்ஸாக வந்த றெக்ஸ் ஹரிசன் பாடகரல்லர். பாட்டைப் பேசுகிறார், பேச்சைத் தாளத்தில் வைக்கிறார். ஒரு சொல்லை முன்னே தள்ளியும் ஒரு சொல்லைப் பின்னே இழுத்தும் அவர் செய்யும் வேடிக்கை செவிக்கே உரியது. நம் கூத்திலே கட்டியகாரன் பாட்டுக்கும் வசனத்துக்கும் இடைப்பட்ட ஒரு குரலில் வந்து சபையைச் சிரிக்கவைப்பதைக் கேட்டுப் பழகிய நமக்கு இது அந்நியமாகத் தோன்றவில்லை. எலைசாவின் தந்தையாக வரும் ஸ்ரான்லி ஹொலோவே, 1890 இற் பிறந்து இசைக்கொட்டகைகளிற் பழுத்த கிழவர். உழைக்காமல் வாழ்வது எப்படி என்று அவர் பாடும்போது, குடித்துச் சிவந்த அவர் முகத்தை நான் படத்திற் காணுமுன்பே கண்டுவிட்டேன்.

இன்னொன்று சொல்லவேண்டும். மேடையிலே நகைச்சுவை நடிகன் சபையின் சிரிப்புக்காக நிற்கிறான், சிரிப்பு அடங்கியபின் அடுத்த சொல்லை விடுகிறான். ஒலிப்பதிவுக் கூடத்திற் சிரிக்க ஆளில்லை. இவர்களோ நியூயோர்க்குக்கு வருமுன் நியூ ஹேவனிலும் பிலடெல்பியாவிலும் ஆடிப் பழகி, எங்கே எவ்வளவு சிரிப்பு எழும் என்பதை உடம்பிலேயே அறிந்து வைத்திருந்தவர்கள். அந்த இடைவெளிகளை மூடி, வேகத்தைக் கூட்டி, வெறும் வீட்டிலே தனியே இருந்து கேட்பவனுக்கென்று பாடவேண்டியதாயிற்று. மேலும், பத்தாம் முறை கேட்கும்போதும் கசவாத நகைச்சுவையே தட்டுக்கு ஏற்றது. முதல்நாள் கொட்டகையை அதிரவைத்த வசனம் மூன்றாம் நாள் வீட்டிற் சலித்துவிடும். ஆகவே உரையாடலிற் பெரும்பகுதியை வெட்டிப் பாட்டுக்களை மாத்திரம் நிறுத்தினர். அது தகுமென்றே பல்லாண்டு எண்ணியிருந்தேன்.

முதற் பக்கம் முடிந்து தட்டைத் திருப்பினால் அஸ்கொற் குதிரைப் பந்தயம். பிரபுக்களும் சீமாட்டிகளும் பந்தயத்தின் பரபரப்பைப் பற்றி இழவு வீட்டில் நிற்பவர்போல உணர்ச்சியின்றிப் பாடுகிறார்கள். சிரிப்புத்தான். ஆயினும் மேடையில் இதனோடு சேர்ந்து வரும் பெருஞ்சிரிப்பு, புதிதாகப் பட்டுடுத்த எலைசா குதிரையை உற்சாகப்படுத்தத் தன் பழைய தெருவார்த்தையைக் கூவிவிடுவது, தட்டில் இல்லை. அது போகட்டும். சிரிப்பொன்று குறைந்தால் எவருக்கும் நட்டமில்லை. பிறெடி என்னும் இளைஞன் அவள் வீட்டுத் தெருவில் நின்று பாடும் காதற்பாட்டு ஊரெங்கும் புகழ்பெற்றது, எனக்கு மட்டும் அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

அதற்கடுத்த பாட்டிலேதான் என் வழக்கு இருக்கிறது. நடன விருந்து முடிந்து, விடியுமுன் வீடு திரும்பியிருக்கிறார்கள். பிக்கரிங் ஹிக்கின்ஸை மெச்சுகிறார். ஹிக்கின்ஸ் அடக்கம் காட்டுவதுபோல நடித்துப் பின் தாமே தம் வெற்றியை விரித்துரைக்கிறார். அவ்விருந்துக்கு வந்திருந்த ஹங்கேரியப் பண்டிதர் ஒருவர் ஏமாந்த கதையைச் சொல்லுகிறார். வேலைக்காரரும் சேர்ந்து, ஐயா, ஐயாவே இதைச் சாதித்தீர் என்று பல்லாண்டு பாடுகின்றனர். தட்டில் இதைவிடக் களிப்பான பாட்டுக் கிடையாது. விறாந்தையிலிருந்த நாங்கள் ஒவ்வொரு முறையும் தொடையில் தாளமிட்டுச் சிரித்தோம். அது முடிந்தவுடன் திடீரென்று எலைசா கோபத்தோடு வெடிக்கும் பாட்டு வருகிறது. தன்மேற் காதல் பேசவந்த அப்பாவிப் பிறெடியை, பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது என்று வெளுத்து வாங்குகிறாள். இவளுக்கு என்ன வந்தது என்று நாங்கள் கேட்டோம். பெண்புத்தி என்று ஒருவன் சொன்னான். அந்த ஒருவன் நானாகவும் இருக்கலாம்.

சில ஆண்டுகளின் பின், 1964 இல் வெளிவந்த அதன் திரைப்படத்தைக் கொழும்பிலே பார்த்தேன். (அதில் எலைசாவாக நடித்தவர் ஒட்றி ஹெப்பேர்ன். பாட்டுக்களிற் பெரும்பாலானவற்றில் ஒலித்த குரல் மார்னி நிக்சன் என்னும் வேறொரு பாடகியினுடையது. பேச்சை மாற்றிய பெண்ணின் கதைக்குக் குரலையே மாற்றிய இந்த வேடிக்கையை ஷா மிகவும் இரசித்திருப்பார்.) மேற்சொன்ன களிப்பான பாட்டு வந்தது. அப்பொழுதுதான் கண்டேன். அறையின் ஓரத்திலே அவள் நிற்கிறாள். விருந்துக்கு உடுத்த உடையுடன், ஒரு வார்த்தையும் பேசாமல், பாட்டு முழுவதும் நிற்கிறாள். ஆடவர் இருவரும் அவளைக் கடந்து நடக்கிறார்கள், ஒருவரையொருவர் பாராட்டுகிறார்கள். ஆறு மாதம் நாவைச் சுட்டுப் பழகியவளை நோக்கி ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. பாட்டு முடிந்ததும் ஹிக்கின்ஸ் தம் செருப்பு எங்கே என்று தேடுகிறார். அவள் அதை எடுத்து அவர்மேல் எறிகிறாள்.

தட்டிலே அவள் இல்லை. பேசினால் அல்லவோ பதிவதற்கு! அந்த மௌனந்தான் நாடகத்தின் அச்சாணி. அதனைக் கேட்க முடியாத காரணத்தால், எத்தனையோ முறை நான் எலைசா நின்ற அறையிலேயே இருந்து, அவள் நிற்பதறியாமல், அவளை மறந்தவர்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறேன். முதன்மை நடிகர்கள் அதே பாட்டுக்களை 1959 இல் லண்டனில் மீண்டும் பாடி, ஸ்ரீரியோ முறையிற் பதிந்தனர். அம்முறையில் ஒருவரை இடப்புறமும் ஒருவரை வலப்புறமும் நிறுத்தலாம். பேசாதவளை எப்புறத்திலும் நிறுத்த முடியாது. (குரலில் உள்ள துடிப்புக்காக எனக்கு உகந்தது 1956 ஆம் ஆண்டுத் தட்டே.)

அன்றிரவு யாழ்ப்பாணத் தபாற் புகையிரதத்தில் எனக்கு உறக்கம் வரவில்லை. நினைவில் வந்தவன் எலைசா அல்லன். மாணவர் விடுதியில் எங்களோடிருந்த மட்டக்களப்புப் பக்கத்துப் பையன் ஒருவன். 'பிறகு' என்று நாங்கள் சொல்லுமிடத்தில் அவன் 'மறுகா' என்பான். அது போதாதா எங்களுக்கு? இரவுச் சாப்பாட்டின்பின் அவனைப்போலப் பேசிக்காட்டுவது விடுதியில் ஒரு கலையாகவே வளர்ந்தது. அக்கலையிற் கைதேர்ந்தவன் நான். ஒருநாள் நான் பேசிக்காட்ட, மற்றவர்கள் கட்டிலிற் புரண்டு சிரித்து என்னை மெச்சிக்கொண்டிருந்தபோது, திரும்பிப் பார்த்தேன். தண்ணீர்ச் செம்போடு அவன் வாசலில் நின்றான். எவ்வளவு நேரமாக நின்றானோ அறியேன். ஒன்றும் சொல்லாமல் உள்ளே வந்து செம்பைத் தன் கட்டிலடியில் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டான். அடுத்த தவணை முதல் அவன் எங்களோடு அதிகம் பேசியதில்லை, பேசியபோது 'பிறகு' என்றே சொன்னான். நாங்கள் அவனைத் திருத்திவிட்டோம் என்று பெருமைப்பட்டதாகவும் நினைவு.

பல்லாண்டுகள் கழித்துப் பழைய மாணவர் ஒன்றுகூடலில் அவனைச் சந்தித்தேன். இருவர் தலையும் நரைத்திருந்தன. அந்த இரவைப் பற்றிப் பேச்செடுத்தேன். அவன் என் தோளைத் தட்டி, "அதை விடு மச்சான். மறுகா என்ன செய்தி?" என்றான். மறந்துவிட்டானா, மன்னித்துவிட்டானா, அல்லது வேண்டுமென்றே அந்தச் சொல்லை எடுத்து என்முன் வைத்தானா என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

இசைத்தட்டைக் குறைகூறி இதை எழுதவில்லை. இன்றும் மாதத்தில் ஒருமுறையேனும் கேட்கிறேன். அதனைக் கேட்கும் முறையைப் பற்றியே எனக்கு ஓர் அபிப்பிராயமுண்டு. இக்காலத்துப் பிள்ளைகள் கைத்தொலைபேசியிலே இப்பாட்டுக்களை எளிதாகப் பெறுகின்றனர். ஆனால் ஒரு பாட்டை இங்கும் ஒரு பாட்டை அங்குமாகக் கேட்கின்றனர். காதற்பாட்டும் கலியாணத்துக்குக் குடித்துவிட்டு ஓடும் கிழவரின் பாட்டும் தெரிந்த அளவுக்கு, அவற்றை எலைசா எந்நிலையில் இருக்கும்போது மற்றவர் பாடுகின்றனர் என்பது தெரிவதில்லை. எழுபத்தெட்டுச் சுழற்சித் தட்டுக் காலத்தில் ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடமே இடமிருந்தது. 1943 இல் 'ஒக்லஹோமா' என்ற நாடகத்தின் பாட்டுக்களை அவ்வாறு பல தட்டுக்களாகவே வெளியிட நேர்ந்தது. 1948 இற் கொலம்பியா நிறுவனமே நெடுந்தட்டைக் கொண்டுவந்த பின்னர்த்தான், ஒரு நாடகத்தின் பாட்டுக்களைத் தொடர்ச்சியாக இருபக்கத்தில் இருந்து கேட்கும் பேறு வாய்த்தது. அந்தத் தொடர்ச்சியை மீண்டும் துண்டு துண்டாக்குவது அறிவுடைமையாகாது.

ஷா எழுதிய நாடகத்தின் முடிவில் எலைசா ஹிக்கின்ஸை விட்டுப் போகிறாள். அவள் பிறெடியை மணந்தாளென்று பின்னுரையும் எழுதி, ஐயமறச் செய்தார் ஆசிரியர். இசைநாடகம் அவளைத் திரும்ப வரவழைக்கிறது. எது சரியென்று விவாதிக்க இது இடமன்று. எனக்கு முக்கியமாகத் தோன்றுவது அவள் வருமுன் மேடையில் நிகழ்வது. அவள் இல்லாத வீட்டுக்குத் திரும்பிய ஹிக்கின்ஸ், தம் ஆய்வறையிலிருக்கும் ஒலிப்பதிவுக் கருவியை முடுக்கி, அவள் முதன்முதல் அங்கே வந்த நாளிற் பதிந்துவைத்த குரலைக் கேட்டுக்கொண்டு தலைகுனிந்து இருக்கிறார். குரலெல்லாம் அவரிடம் இருக்கிறது. அதே கருவிதான் அவள் கோபத்தையும் அழுகையையும் கேளாதவராக அவரை ஆக்கியது.

நமது கல்லூரி ஆங்கில மன்றத்தார் என்றேனும் இத்தட்டை மாணவருக்குப் போட்டுக் காட்டுவராயின், ஒரு விண்ணப்பம். 'பிக்மேலியன்' நூலின் பிரதி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதற்பக்கத்தை முழுவதும் ஓடவிடுங்கள், வேண்டியமட்டும் சிரிக்கட்டும். இரண்டாம் பக்கத்திற் காதற்பாட்டு முடிந்தவுடன் ஊசியைத் தூக்கிவிட்டு, நூலின் நான்காம் அங்கத் தொடக்கத்தை, எலைசா விருந்திலிருந்து வந்து அறைக்குள் நுழையும் இடத்தை, ஒரு மாணவனைக் கொண்டு படிப்பியுங்கள். அதில் அவள் என்ன செய்கிறாள் என்பது எழுதியிருக்கிறது, என்ன சொல்கிறாள் என்பது நெடுநேரத்துக்கு இல்லை. படித்து முடிந்தபின் ஊசியை மறுபடி வையுங்கள்.